'சாரி' சொல்லிவிட்டாள், சரி. இரக்கம் எப்படி வரும்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, ஜூன் 17

அண்ணா, என் மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. அவள் வகுப்பில் ஒரு பையனுக்குப் பல் முழுக்கப் பழுப்புக் கறை. இவளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்கு 'துருப்பல்லு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுற்றி நின்று அதைப் பாட்டாகவே பாடினார்களாம். பையன் இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு உயிரே இல்லை. மூன்றாம் நாள் அவன் வந்ததும் வகுப்பு வாசலில் நிறுத்தி இவளை 'சாரி' சொல்ல வைத்தேன். சொன்னாள். வண்டியில் திரும்பி வரும்போது, "அதான் சாரி சொல்லிட்டேன்ல, ஐஸ் வாங்கித் தா" என்கிறாள். நீதிப் பாட்டெல்லாம் தப்பில்லாமல் ஒப்பிப்பாள். வீட்டில் நாங்கள் யாரும் இப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. நல்ல குணத்தை எப்படித்தான் சொல்லிக் கொடுப்பது?

ஜூன் 17, இரவு

தங்கச்சி, இதை ஒரு அப்பனாக மட்டும் என்னால் எழுத முடியாது. எனக்கும் அதே பல்தான். பென்னாகரம் பக்கம் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். முன்பல் நான்கிலும் குறுக்கே பழுப்புக் கோடு, ஓரத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். ஐந்தாம் வகுப்பில் எடுத்த குரூப் போட்டோ இன்னும் வீட்டில் இருக்கிறது. நாற்பது பிள்ளைகளில் நான் ஒருவன்தான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறேன். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னது நினைவிருக்கிறது. சிரிக்கவில்லை.

உங்கள் மகள் சொன்ன 'சாரி' அந்தப் பையனுக்குப் போய்ச் சேரவில்லை, உங்களுக்குத்தான் வந்து சேர்ந்தது. அம்மாவின் கோபம் தணிய வேண்டும் என்று சொன்னாள், தணிந்ததா என்று பார்க்க ஐஸ் கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளையின் கணக்கு அது. அதற்காக அவள் கெட்ட பிள்ளை ஆகிவிட மாட்டாள். நாம் எந்தப் பாடத்தை நடத்தினோமோ அதைத்தான் படித்திருக்கிறாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் அவன் வீட்டுக்கே போய் வாருங்கள். கையில் ஏதாவது எடுத்துப் போங்கள். மற்றதை நாளை எழுதுகிறேன், விடிகாலை நான்கு மணிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்ற வேண்டும்.

ஜூன் 18

மண்டியிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். காலையிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்: அந்தக் கறை ஏன் வந்தது என்று உங்கள் மகளுக்கு யாராவது சொன்னார்களா?

பிள்ளைகள் அதைப் பல் விளக்காத அழுக்கு என்று நினைக்கிறார்கள். கேலி அங்கேதான் பிறக்கிறது. 'சீ, இவன் சுத்தமில்லாதவன்.' என்னையும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை பல் விளக்கியவன். அடுப்புக் கரி, செங்கல் பொடி, உப்பு எல்லாம் போட்டுத் தேய்த்து ஈறு கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டமும் பாறை பூமி. அந்தப் பாறையில் இருக்கிற புளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருக்கும். நிலைத்த பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற வயதில், ஏறத்தாழ எட்டு வயதுவரை, அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குப் பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். அந்தப் பையன் செய்த ஒரே காரியம் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தது.

இந்தப் பாதிப்புக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கும். ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-இல் திறந்தார்கள். என் மகள் அந்தக் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், அவள் பல் வெள்ளை. நான் போர்த் தண்ணீர்க்காரன். எங்கள் வீட்டில் அப்பனும் மகளும் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்தால் போதும், முழுக் கதையும் தெரிந்துவிடும். அவளுக்கு ஏழு வயதில் அப்படித்தான் காட்டினேன். என் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வலிக்குமாப்பா?" என்று கேட்டாள். அதுவரைக்கும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

'கேலி செய்யாதே' என்று நூறு முறை சொல்வதைவிட, 'இது இப்படித்தான் வந்தது' என்று ஒரு முறை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

ஜூன் 18, இரவு

நேற்றும் இன்றும் எழுதியதில் ஒரு திருத்தம். 'பென்னாகரம் பக்கம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். ஊர் முழுக்க அப்படி இல்லை. ஒரே ஊரில் ஒரு போரில் அளவு கூடுதலாக இருக்கும், அடுத்த தெருப் போரில் சரியாக இருக்கும். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், ஒரு தம்பி கேட்டிருந்தார், இந்தக் கறை போகவே போகாதா என்று. தேய்த்துப் போகாது. பல் டாக்டரிடம் போனால் மேல்பகுதியை லேசாகச் சீவியோ, பல் நிறத்தில் பூச்சு வைத்தோ மறைக்க வழி இருக்கிறது. எந்த அளவுக்குக் கறை என்பதைப் பொறுத்தது. நான் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்கிறவர்களைத் தடுக்கவும் மாட்டேன்.

ஜூன் 21

பரிசு கொடுத்துப் பழக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நட்சத்திர ஸ்டிக்கர், அட்டவணை, பத்து நட்சத்திரம் சேர்ந்தால் பொம்மை. நானும் இறங்கிப் பார்த்தவன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு டப்பா வைத்தேன். ஒரு நல்ல காரியத்துக்கு ஐந்து ரூபாய். முதல் வாரம் வீடு சொர்க்கம். மகன் ஓடிப்போய்ச் செருப்பை அடுக்குகிறான், மகள் தட்டுக் கழுவுகிறாள். மூன்றாவது வாரம் என் அம்மாவுக்கு ராத்திரி இருமல் வந்தது. மகனைப் பார்த்து, "கண்ணு, ஆயாவுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா" என்றார். அவன் போனான், சொம்பை எடுத்தான், திரும்பி என்னைப் பார்த்து, "இதுக்கும் அஞ்சு ரூபாயாப்பா?" என்றான். அம்மா இருமலை அடக்கிக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாய் எடுக்கப் பார்த்தார். அந்தக் கை முடிச்சைத் தேடியதை நான் மறக்க மாட்டேன். அன்று ராத்திரியே டப்பாவை எடுத்துப் பரண்மேல் போட்டேன்.

பிற்பாடுதான் படித்தேன், வார்னெகன், டொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜெர்மனியில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் அவர்கள் கண்டது, ஒன்றரை வயதுக் குழந்தைகூட, யாரோ ஒருவர் கைக்கு எட்டாமல் தவிப்பதைப் பார்த்தால் தானாகவே எழுந்துபோய் எடுத்துக் கொடுக்கிறது என்பது. யாரும் சொல்லவில்லை, யாரும் பாராட்டவில்லை. 2008-இல் இன்னொரு ஆய்வு. இருபது மாதக் குழந்தைகளில் சிலருக்கு உதவி செய்ததற்குப் பரிசுப் பொருள் கொடுத்தார்கள். பரிசு நின்றதும், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள்.

என் அம்மாவின் முந்தானை முடிச்சு எனக்கு இதை முன்பே சொல்லிவிட்டது.

ஜூன் 22

"நாலு அடி போட்டால் தானாக வரும் குணம், அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை. ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அடிக்குப் பயந்து வாயை மூடிய பிள்ளை, அடிக்கிறவர் இல்லாத இடத்தில் வாயைத் திறக்கும். என்னைச் சுற்றி நின்று பாடிய பையன்கள் எல்லாம் வீட்டில் நன்றாக அடி வாங்கிய பையன்கள்தான்.

ஜூன் 22, கொஞ்ச நேரம் கழித்து

பெரியவருக்குப் பதில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. நான் கை ஓங்காதவன், சரி. வாய்?

மாசி மாதம் ஒரு நாள். பாலக்கோடு மண்டியில் தக்காளி விலை விழுந்து கிடந்தது. பறிகூலி, வண்டி வாடகை, இறக்குக் கூலி எல்லாம் போகக் கையில் ஒன்றும் நிற்கவில்லை. வெளியே வந்தால் குட்டி யானை வண்டிக்காரத் தம்பி, காலிப் பெட்டிகளை ஏற்றும்போது இரண்டை உடைத்துவிட்டான். அவனைக் கத்தினேன். "சனியனே, கண்ணு எங்க வெச்சிருக்க?" என்றேன். மண்டி வாசலில் இருபது பேர் முன்னால். அன்று ஞாயிற்றுக்கிழமை, மகனும் கூட வந்திருந்தான். வண்டியில் எனக்கும் டிரைவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்து வந்தான். வீடு வரும்வரை மூன்று பேரும் பேசவில்லை.

சாயங்காலம் தொழுவத்துப் பக்கம் சத்தம். கன்றுக்குட்டி தவிட்டுத் தண்ணீரைக் காலால் தட்டிவிட்டது. மகன் அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். "சனியனே, கண்ணு எங்க வெச்சிருக்க?" அதே சொல், அதே இழுப்பு. கடைசி எழுத்தில் நான் குரலை உயர்த்துவேன், அங்கேயும் உயர்த்தினான். கன்று மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் போனது.

தங்கச்சி, 'வீட்டில் யாரும் அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். கோபித்துக்கொள்ளாமல் ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள். நம் பிள்ளைகளிடம் நாம் பேசுவதை அல்ல. தண்ணீர் கேன் போடுகிறவரிடம், பஸ்ஸில் கால் மிதித்தவரிடம், நம்மைத் திருப்பிக் கேட்க முடியாதவர்களிடம் பேசுவதை. பிள்ளைகள் அதைத்தான் உற்றுக் கேட்கிறார்கள்.

நம் தகடூர் அதியமானைப் பற்றி அவ்வையார் பாடியதில் புறநானூற்று 100-வது பாட்டு ஒன்று உண்டு. போர்க்களத்திலிருந்து வந்து, பிறந்த மகனைப் பார்க்கிறான். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், மகனைப் பார்த்த பிறகும் சிவப்பு ஆறவில்லை. வீரத்துக்காகப் பாடியதுதான். ஆனால் எனக்கு அந்தப் பாட்டில் அந்தக் குழந்தை மேல்தான் கண் போகிறது. கண் திறந்து முதன்முதலில் அப்பாவைப் பார்க்கிறது, அந்தக் கண் சிவந்திருக்கிறது.

ஜூன் 23

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் பிள்ளைகள் நல்ல வெள்ளைத்தாள், நாம்தான் கிறுக்குகிறோம் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இல்லை. வெள்ளைத்தாள் இல்லை. இரண்டும் அவர்களிடம் இருக்கிறது. சுற்றி நின்று பாடவும் தெரியும்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் காலை படுகளம். துரியோதனனை மண்ணால் தரையில் பெரிதாகப் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள், ஒரு வீட்டு நீளம் இருக்கும். கூத்துக்கார பீமன் வந்து தொடையில் அடிப்பான், ஊரே ஆரவாரம் செய்யும். மகளுக்கு அப்போது ஐந்து வயது, என் தோளில் இருந்தாள். ஆரவாரத்துக்கு நடுவில் என் காதில் வந்து, "அவனுக்கும் அம்மா இருக்காங்களாப்பா?" என்று கேட்டாள். இருக்கிறார்கள், காந்தாரி என்று பெயர் என்றேன். "அவங்க எங்க?" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஒப்பாரி ஆரம்பித்தது. அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு மூன்று பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

இதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை. நான் செய்தது, கேட்டதற்குப் பதில் சொன்னது மட்டும். 'சும்மா பாரு' என்று சொல்லியிருக்கலாம். பல நாள் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 23, மதியம்

களி கிண்டும்போது என் அம்மா சொன்னது, எழுதச் சொன்னார்: "பிள்ளைக்குக் குணம் சொல்லித் தர்றேன்னு எல்லாரும் போனைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. பிள்ளை அங்க சும்மா உட்கார்ந்திருக்குது, கூப்பிட்டு வேலை சொல்லுங்க." சரிதான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கீரைக் குழம்பு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுப்பது இப்போது மகன் வேலை. ஐந்து ரூபாய் கிடையாது. பாட்டி கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை, நான்கு கொய்யாவாவது இருக்கும்.

ஜூன் 28

முதல் நாள் நான் சொன்ன யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பையன் வீட்டுக்குப் போகாதீர்கள்.

பத்து நாளாக யோசித்தேன். அன்று என்னைக் கேலி செய்த பையனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் அம்மா பதறிப்போய் நாற்காலி தேடியிருப்பார். நான் வீட்டில் சொல்லாமல் மறைத்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரு எட்டிப் பார்த்திருக்கும். ஆறுதல் வந்தவர்களுக்குத்தான் கிடைத்திருக்கும். வகுப்பு வாசலில் 'சாரி' சொல்ல வைத்த அதே தவற்றை, கையில் பழப்பையோடு செய்யச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் போகவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்து நிம்மதி. உங்கள் மகளுக்குத் தண்ணீர்க் கதையைச் சொன்னதும் அவள் முதலில் கேட்டது, "அப்ப அவன் இப்பவும் அந்தத் தண்ணியா குடிக்கிறான்?" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் மற்ற இரண்டு பிள்ளைகளும் பாட ஆரம்பித்தபோது இவள் பாடவில்லை, தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த வரிசையில் போய் உட்கார்ந்தாள் என்று டீச்சர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அவனிடம் ஒன்றும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் பிடித்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் யாராவது அப்படி வந்து உட்கார்ந்திருந்தால் போதும், எனக்கு எந்தச் சாரியும் வேண்டியிருந்திருக்காது.

ஒரு வேண்டுகோள். அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடாதீர்கள். ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவள் அந்த வரிசைக்கு ஏன் போனாள் என்று தோண்டவும் வேண்டாம். அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதை நம் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். அதில் நாம் சொல்ல விட்டுவிடுகிற ஒன்று, அது என்ன கனி என்பதைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு அவன் கொடுத்தான் என்பது. அவ்வையார் பாட்டிலேயே அது இருக்கிறது. சாவைத் தள்ளிப்போடும் பழம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருப்பாரா?

பையன் குடிக்கிற தண்ணீர் எதுவென்று அவள் கேட்டாளே, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குடிப்பது எந்தத் தண்ணீர் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். குடிநீர் வாரியத்தில் சோதனைக்கூடம் இருக்கிறது, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கேட்கும்போது அவளையும் கூட்டிப் போங்கள்.

ஜூலை 5

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜூன் 22-இல் வண்டிக்காரத் தம்பியைப் பற்றி எழுதினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. கன்றைப் பற்றி மகனிடம் பேசினேன், கயிற்றைப் பிடித்து இருவரும் அதைத் தடவிக் கொடுத்தோம், எல்லாம் செய்தேன். அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு மாதமாக அவன்தான் வண்டி கொண்டுவருகிறான். முன்பெல்லாம் வந்ததும் "அண்ணா, டீ குடிச்சீங்களா?" என்பான். மாசிக்கு அப்புறம் ஹாரன் மட்டும்தான்.

இன்று சனிக்கிழமை. மகனை நான்கு மணிக்கே எழுப்பினேன். ஏன் என்று சொல்லவில்லை. வண்டி வந்தது, பெட்டி ஏற்றினோம், மகன் நடுவில் உட்கார்ந்தான். மாரண்டஹள்ளி ரோட்டு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். மூன்று டீ வாங்கி வந்து, அவன் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "தம்பி, மாசி மாசம் மண்டி வாசல்ல உன்ன அத்தன பேர் முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பெட்டி உடைஞ்சது உன் தப்பு இல்ல, என் வயித்தெரிச்சல்."

அவன் டீயை ஊதினான். மகன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் விடியவில்லை, டீக்கடை விளக்கு வெளிச்சம்தான்.

"அந்த ரெண்டு பெட்டி அன்னிக்கே ஆணி பிடுங்கிக்கிட்டுதான் இருந்துச்சுண்ணா" என்றான். அப்புறம் கிளாஸைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறியபடியே கேட்டான்: "நாளைக்கு எத்தன பெட்டி?"